பார்வையற்ற ஆய்வாளரும் அடிக்குறிப்பும்

அரபு நூல்களின் ஓரத்தில் உள்ள ஹாஷியாவைக் கண்ணால் காண்பவர், ஒரு நொடியில் அங்குச் சென்று மறுநொடியில் மூலத்துக்குத் திரும்பிவிடுவார். பார்வையற்ற ஆய்வாளருக்கோ அந்தத் திரும்புதலே சிக்கல். திரைவாசிப்பான் எழுத்தை வரிசையாக ஒலிப்பது; குறிப்புக்குள் சென்றபின் விட்ட இடத்தைத் தேடி அலைய நேரும். இதனாலேயே பலர் தம் ஆய்வேட்டின் சான்றுகளைப் பிறர் கையில் ஒப்படைத்துவிடுகின்றனர். அது தேவையில்லை.

வேர்டு மென்பொருளில் ஆல்ட், கண்ட்ரோல், எஃப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினால் அடிக்குறிப்பு உருவாகும். எஃப்புக்குப் பதில் டி எனில் இறுதிக்குறிப்பு. எழுதுமிடம் உடனே குறிப்புக்குத் தாவும். நூற்பெயர், பாகம், பக்கம் ஆகியவற்றை எழுதியபின் ஷிப்டுடன் எஃப்5 விசையை அழுத்தினால் விட்ட வாக்கியத்துக்கே மீளலாம். ஒருமுறையில் மீளாவிடில் மறுமுறை அழுத்துக. பயிற்சியில் முதலில் கற்பிக்க வேண்டிய விசை இதுவே என்பேன். 2006இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கப்பெற்று விலையின்றிக் கிடைக்கும் என்.வி.டி.ஏ. திரைவாசிப்பானுடனும் இவ்விசைகள் இயங்கும்.

நீக்கும்போது கவனம் வேண்டும். குறிப்பின் வாசகத்தை மட்டும் அழித்தால் எண் மூலத்தில் எஞ்சி நிற்கும். மூலத்திலுள்ள எண்ணை அழித்தால் குறிப்பும் மறையும். அடுத்து வரும் எண்கள் தாமே மாறிக்கொள்ளும். கையால் எண்ணிட்ட குறிப்புகளுக்கு இவ்வசதி இல்லை. திரைவாசிப்பானும் அவற்றை வெறும் எண்ணாகவே வாசித்துச் செல்லும்.