ஊசி போட்டாச்சு, சாப்பாடு எங்கே?

சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் போடுபவர்களுக்கு வீட்டில் ஒரு கணக்கு உண்டு: ஊசி, அரை மணி நேரம், தட்டில் சாப்பாடு. வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறினால் அந்தக் கணக்கு குலைகிறது. விடுமுறை நாளில் வெள்ளி நீர்வீழ்ச்சி அருகே வண்டிகள் வரிசை கட்டி நின்றால், கொடைக்கானலில் எத்தனை மணிக்கு இலை போடுவார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. 2024 மே 7-இல் மலைக்கு வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்ததே இந்த நெரிசலால்தான்.

எந்த இன்சுலின் என்பது இங்கேதான் முக்கியம். ரெகுலர் வகையும், கலங்கலாக இருக்கும் 30/70 மனித இன்சுலின் கலவையும் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு போட வேண்டியவை. ரெகுலர் இரண்டு முதல் நான்கு மணி நேரத்தில் உச்சத்துக்குப் போகும். லிஸ்ப்ரோ, அஸ்பார்ட் போன்ற வேக வகைகள் பத்துப் பதினைந்து நிமிடத்திலேயே வேலையைத் தொடங்கிவிடும். ரெகுலரும் லிஸ்ப்ரோவும் தண்ணீர் போலத் தெளிவாக இருப்பதால், பார்த்து வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. லேபிளைப் படித்தே ஆக வேண்டும்.

ஆகவே சாப்பாட்டு ஊசியைப் பயணத்தின் நடுவே போடாதீர்கள். ஹோட்டலில் சாப்பாடு தயார் என்று தெரிந்த பிறகு போடுங்கள். கொண்டை ஊசி வளைவில் வாந்தி எடுப்பவர் என்றால், வேக வகையைச் சாப்பிட்ட பின் போடலாமா என்று கிளம்பும் முன்பே டாக்டரிடம் கேளுங்கள். ஆனால் நாள் முழுக்க வேலை செய்யும் அடிப்படை இன்சுலினை, குறிப்பாக டைப் 1 உள்ளவர்கள், தாங்களாக நிறுத்தவே கூடாது.

கை நடுங்கி, வியர்த்து, சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். கொடைக்கானலின் பெயர்பெற்ற ஹோம்மேட் சாக்லேட் அந்த நேரத்துக்கு உதவாது. அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ரத்தத்தில் ஏறுவதைத் தாமதப்படுத்தும். ஏரியைச் சுற்றி நடப்பதும் சர்க்கரையை இறக்கும் என்பதால், நடக்கும்போதும் குளுக்கோஸ் பொட்டலம் சட்டைப் பையிலேயே இருக்கட்டும்.

சிரிஞ்சை வீட்டில் விட்டுவிட்டு மலையில் வாங்குபவர்களுக்கு ஒன்று. நம்மூர் குப்பி மருந்து பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச். பேனாவில் போடும் கார்ட்ரிட்ஜில் மில்லிக்கு 100 யூனிட். பேனா பழுதானால் கார்ட்ரிட்ஜிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் இழுக்கவே கூடாது. கோடு 10 என்று காட்டும், உள்ளே போவது 25 யூனிட்.