பெருநாள் விடுமுறையும் மலைநாட்டு ரூம் வேட்டையும்: ஏமாறாமல் தங்க என்ன வழி?

பெருநாள் நெருங்கினால் எனது கைபேசி ஓயாது. அக்குறணையில் குடியிருக்கிறேன் என்ற ஒரே தகுதிக்காக கல்முனை, காத்தான்குடி, புத்தளம், பேருவளை என்று எல்லாப் பக்கமிருந்தும் உறவினர்களும் அவர்களது உறவினர்களும் அழைப்பார்கள். கேள்வி ஒன்றுதான். "மச்சான், கண்டிப் பக்கம் பதினொரு பேருக்கு ரெண்டு நாளைக்கு ஒரு இடம் பார்த்துத் தர ஏலுமா? விலை கொஞ்சம் குறைஞ்சதா."

கடந்த நோன்புப் பெருநாளைக்கு மறுநாள் இரவு பத்தரை மணிக்கு வந்த அழைப்பு வேறு மாதிரியானது. கிழக்கிலிருந்து வந்த என் மச்சானின் குடும்பம் வேனோடு நடுவீதியில் நின்றது. பேஸ்புக்கில் ஒரு பங்களாவின் படங்களைப் பார்த்து, வட்ஸ்அப்பில் பேசி, வங்கிக் கணக்குக்கு 15,000 ரூபா முற்பணமும் அனுப்பியிருக்கிறார்கள். மஹியங்கனையிலிருந்து பதினெட்டு வளைவு ஏறி, அனுப்பப்பட்ட லொகேஷனுக்கு வந்து சேர்ந்தால், அங்கே ஒரு பூட்டிய கேட். பங்களா இல்லை. பேசிய நம்பரும் வேலை செய்யவில்லை. வெளியே மழை. வேனுக்குள் எட்டு மாதக் குழந்தையும், சீனி வருத்தக்காரியான எழுபத்திரண்டு வயது மாமியும். வழியில் கேட்ட மூன்று ஹோட்டல்களில் இரண்டு நிரம்பியிருந்தன. மூன்றாவதில் சொன்ன விலையைக் கேட்டு மச்சான் திரும்பி வந்துவிட்டார்.

என் வீட்டில் ஏற்கனவே புத்தளத்து விருந்தினர்கள். கடைசியில் பள்ளிவாசல் நிர்வாகி ஒருவர், பிள்ளைகள் விடுமுறையில் போயிருந்த மத்ரஸாவின் ஓர் அறையைப் பெண்களுக்காகத் திறந்துவிட்டார். அல்லாஹ் அவருக்கு அருள் புரியட்டும். ஆண்கள் வேனிலேயே படுத்தார்கள். காலையில் மாமி சொன்னது இதுதான்: "வீட்டிலேயே இருந்திருந்தா நல்லா நித்திரை கொண்டிருப்பேன் மகன்." பேராதனைப் பூங்காவைக்கூடப் பார்க்காமல் ஊர் திரும்பினார்கள்.

அந்த இரவுக்குப் பிறகு, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிவந்ததை எல்லோருக்குமாக எழுதிவிடலாம் என்று தோன்றியது.

எல்லோரும் ஒரே நாளில் ஏன் ஏறுகிறோம்?

மலைநாட்டில் ரூம் விலையைத் தீர்மானிப்பது கட்டிலும் மெத்தையும் அல்ல, கலண்டர்தான். ஏப்ரலில் சித்திரைப் புத்தாண்டும் நுவரெலியா வசந்த காலமும் சேர்ந்து வருகின்றன. ஜூலை, ஆகஸ்ட் காலத்தில் கண்டி எசல பெரஹெரா. டிசம்பரில் வருட இறுதி விடுமுறை. இவற்றோடு வார இறுதியை ஒட்டி வரும் போயா தினங்கள். இந்த நாட்களில் நகரத்துக்குள் நியாயமான விலைக்கு ரூம் கிடைத்தால் அது உங்கள் அதிர்ஷ்டம்.

நமக்கென்று நாமே உண்டாக்கிக்கொண்ட இன்னொரு சீசனும் இருக்கிறது. அது பெருநாளைக்கு மறுநாள் தொடங்கும் மூன்று, நான்கு நாட்கள். பாடசாலை திறக்கமுன் போய்வர வேண்டும் என்று நாடு முழுவதுமிருந்து நமது வேன்கள் ஒரே நேரத்தில் புறப்படுகின்றன. இது இடம் கொடுப்பவர்களுக்கும் தெரியும், ஏமாற்றுபவர்களுக்கும் தெரியும்.

இது நமக்கு மட்டுமான பிரச்சினை அல்ல. பிரான்ஸில் பனிக்காலப் பாடசாலை விடுமுறையில் எல்லாக் குடும்பங்களும் ஒரே வாரத்தில் பனிச்சறுக்கு மலைகளுக்குப் போய்விடக்கூடாது என்பதற்காக, நாட்டை மூன்று வலயங்களாகப் பிரித்து வெவ்வேறு வாரங்களில் விடுமுறை கொடுக்கிறார்கள். அரசாங்கம் செய்வதை ஒரு குடும்பமும் செய்யலாம். நமது முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்புக்கென்று தனி விடுமுறை வருவதால், மற்றப் பாடசாலைகள் நடக்கும் நாட்களிலும் நமது பிள்ளைகள் வீட்டில் இருக்கிறார்கள். நோன்போடு பயணம் போகச் சொல்லவில்லை. பெருநாளை ஊரில் உறவுகளோடு கழித்துவிட்டு, வேறொரு விடுமுறையில் ஞாயிறு மாலை வந்து செவ்வாய் அல்லது புதன் திரும்புங்கள். அதே ரூம், அதே மலை, அதே குளிர். விலை மட்டும் இறங்கியிருக்கும்.

பார்க்கும் இடத்திலேயே படுக்க வேண்டியதில்லை

ஐரோப்பாவில் பனிச்சறுக்குக்குப் போகும் சிக்கனக்காரர்கள் மலை உச்சியில் ரூம் எடுப்பதில்லை. கீழே பள்ளத்தாக்கு ஊரில் தங்கி, காலையில் பஸ் ஏறி மேலே போய், மாலையில் இறங்கிவிடுவார்கள். கண்டிக்கும் இந்தச் சூத்திரம் அப்படியே பொருந்தும்.

கண்டி வாவியைச் சுற்றித் தங்குவது அழகுதான். ஆனால் விலை கூட. ஒழுங்கைகள் ஒடுக்கம், வேன் நிறுத்த இடமில்லை. பெரஹெரா நாட்களில் மாலையானால் வீதிகளையும் மூடிவிடுவார்கள். ஆகவே எந்தப் பாதையால் வருகிறீர்கள், என்ன பார்க்கப் போகிறீர்கள் என்பதை வைத்து இடத்தைத் தெரிவு செய்யுங்கள்.

கிழக்கிலிருந்து மஹியங்கனைப் பாதையால் வருபவர்களுக்குத் தெல்தெனிய, திகன, குண்டசாலைப் பக்கம் வசதி. விக்டோரியா நீர்த்தேக்கம் அருகில். நக்கிள்ஸ் மலைக்குப் போவதற்கும் ஹுன்னஸ்கிரிய பாதை பக்கத்தில். நகர நெரிசலுக்குள் நுழையவே தேவையில்லை.

வடக்கிலிருந்தும் புத்தளம், குருநாகல் பக்கமிருந்தும் வருபவர்களுக்குக் கட்டுகஸ்தோட்டை, அக்குறணை, மாத்தளை. சாப்பாட்டுக்கும் தொழுகைக்கும் கவலை இல்லை. ஆனால் ஒன்றை மறைக்கக்கூடாது. கடும் மழையில் பிங்கா ஓயா பெருகினால் அக்குறணை நகரம் வெள்ளத்தில் மூழ்கும். மழைக்காலத்தில் ஓயா கரையோர இடங்களைத் தவிருங்கள்.

நுவரெலியாதான் முக்கியம் என்பவர்கள் அங்கே தங்கியே ஆக வேண்டும் என்றில்லை. பேராதனை, கெலிஓயா, கம்பளைப் பக்கம் தங்கி, சுபஹ் தொழுதுவிட்டுப் புறப்பட்டால் புசல்லாவ, றம்பொட வழியாகக் காலையிலேயே போய்ச் சேரலாம். மாலையில் இறங்கிவிடலாம். 1868 மீற்றர் உயரத்து இரவுக் குளிர் கைக்குழந்தைக்கும் வயோதிபருக்கும் எல்லா நேரமும் ஒத்துவராது என்பதையும் யோசியுங்கள். கண்டிப் பக்கம் சுமார் 500 மீற்றர் உயரம்தான், இரவு இதமாக இருக்கும். கம்பளையும் கெலிஓயாவும் நமது மக்கள் வாழும் ஊர்கள் என்பதால் ஹலால் சாப்பாட்டுக்கு அலைய வேண்டியதுமில்லை.

சொல்லும் விலையும் கொடுக்கும் விலையும்

விலைக்குப் பின்னால் இரண்டு கூட்டல் அடையாளங்கள் போட்டிருந்தால் கவனியுங்கள். ரூம் 10,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். 10 வீதம் சேவைக் கட்டணம் சேர்ந்தால் 11,000. அதன் மேல் 18 வீத வற் வரி 1,980 ரூபா. பில் 12,980 ரூபாவாக வரும். நான்கு ரூம் எடுத்த குடும்பத்துக்கு ஓர் இரவில் மட்டும் ஏறத்தாழ 12,000 ரூபா கூடுகிறது. வற் வரிக்குப் பதியாத சிறிய கெஸ்ட் ஹவுஸ்களும் வீட்டு விடுதிகளும் இந்த வரியை அறவிட முடியாது. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி "ரூம் எவ்வளவு?" அல்ல. "எல்லாம் சேர்த்துக் கடைசியாக நான் கையில் தர வேண்டியது எவ்வளவு?" என்று கேளுங்கள். பதிலை வட்ஸ்அப்பில் எழுத்தில் வாங்குங்கள்.

பெரிய குடும்பத்துக்கு ரூம் கணக்கில் எடுப்பதைவிட, சமையலறையோடு முழு வீட்டை எடுப்பதே பெரும்பாலும் இலாபம். பதினொரு பேர் மூன்று நேரம் வெளியே சாப்பிட்டால், சாப்பாட்டுப் பில் தங்கும் செலவைத் தாண்டிவிடும். அரிசியும் மசாலாவும் ஊரிலிருந்தே கொண்டுவாருங்கள். இறைச்சியையும் மரக்கறியையும் இங்கே வாங்கலாம். பெண்களுக்குத் தனிமை, பக்கத்து ரூமில் குடி கும்மாளம் இல்லாத அமைதி, ஜமாஅத்தாகத் தொழ ஒரு ஹோல் எல்லாம் அதே விலையில் கிடைக்கும். ஆனால் சமைக்கும் பொறுப்பு முழுவதையும் பெண்களின் தலையில் கட்டினால் அது அவர்களுக்கு விடுமுறை அல்ல. தேங்காய் துருவ ஆண்களுக்கும் ஏலும்.

அரசாங்கத் திணைக்களங்களுக்கும் சபைகளுக்கும் மலைநாட்டில் சர்கிட் பங்களாக்கள் இருக்கின்றன. குடும்பத்தில் அரச உத்தியோகத்தர் ஒருவர் இருந்தால் அவரது அலுவலகத்தில் விசாரிக்கச் சொல்லுங்கள். சிலவற்றைப் பொதுமக்களுக்கும் கொடுப்பார்கள். விலை குறைவு, ஆனால் மாதக்கணக்கில் முன்கூட்டியே பதிய வேண்டும்.

பலரும் மறக்கும் ஒருவர் சாரதி. அவருக்குப் படுக்க இடமும் இரவுச் சாப்பாடும் உண்டா என்று கேட்டுத்தான் பேச்சை முடியுங்கள். வேனுக்குள் அரைகுறையாகத் தூங்கியவரின் கையில் மறுநாள் பதினெட்டு வளைவையும் உங்கள் பிள்ளைகளையும் ஒப்படைப்பது சிக்கனம் அல்ல.

முற்பணம் அனுப்புமுன்

என் மச்சான் படித்தவர். ஆனாலும் ஏமாந்தார். அழகான படங்களும் அவசரமும் சேர்ந்தால் யாரும் ஏமாறலாம். "இன்னொரு பார்ட்டி கேட்கிறாங்க, இப்பவே அட்வான்ஸ் போட்டா உங்களுக்கு" என்று ஒருவர் அவசரப்படுத்தினால், அதுவே உங்களுக்கு முதல் எச்சரிக்கை.

வீடியோ கோலில் வந்து கேட்டிலிருந்து உள்ளே நடந்து காட்டச் சொல்லுங்கள். இடம் இல்லாதவரால் அது முடியாது. கூகுள் மெப்பில் அந்த இடத்தைப் பற்றிப் பழைய ஆட்கள் என்ன எழுதியிருக்கிறார்கள், அவர்களே எடுத்துப் போட்ட படங்கள் உண்டா என்று பாருங்கள். இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதிவு உண்டா என்று கேளுங்கள். பதிவு பெற்ற இடங்களை அந்தச் சபையின் இணையத்தளத்தில் பார்க்கலாம். வங்கிக் கணக்கின் பெயரும் உரிமையாளரின் பெயரும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். ஊரில் உங்களுக்குத் தெரிந்த ஒருவரை ஒரு தடவை நேரில் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். ரூம் தேடித் தருவதைவிட, நீங்கள் தேடிய ரூமைப் போய்ப் பார்த்துச் சொல்வது எங்களுக்கும் எளிது.

சுடுநீர், வேன் உள்ளே வரும் பாதை, மேலதிக மெத்தைக்குத் தனிக் காசா, முதியவருக்குக் கீழ்மாடியில் ரூம் உண்டா, கடைசி நேரத்தில் வர முடியாமல் போனால் முற்பணம் திரும்புமா என்ற ஐந்தையும் கேட்காமல் காசு அனுப்ப வேண்டாம்.

மலிவு என்பதற்காக மலைச்சரிவில் படுக்காதீர்கள்

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இந்த மலைகளுக்கு என்ன செய்தது என்று நாம் கண்ணால் கண்டோம். மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் கண்டியும் ஒன்று. விலை குறைந்த இடங்களில் சில, வெட்டிய மண்மேட்டுக்குக் கீழேயோ நீரோடைக்குப் பக்கத்திலேயோ இருக்கின்றன. படத்தில் அது 'வியூ' என்று தெரியும். மழை இரவில் அதன் பெயர் வேறு.

தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேச செயலகப் பிரிவு வாரியாக மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று மட்டங்களில் மண்சரிவு எச்சரிக்கை விடுக்கிறது. சிவப்பு என்றால் வெளியேற வேண்டும். நீங்கள் தங்கப்போகும் பிரிவின் பெயரை முன்பே அறிந்துவைத்து, புறப்படும் நாளில் பாருங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. மலையக ரயில் பாதையும் புயலில் கடுமையாகச் சேதமடைந்தது. ரயிலில் வருபவர்கள் எதுவரை ஓடுகிறது என்று கேட்டுக்கொண்டு டிக்கட் எடுங்கள். எச்சரிக்கை இருந்தால் பயணத்தை ஒத்திவையுங்கள். முற்பணம் போனால் போகட்டும்.

நாம் செய்யக்கூடியது

இந்தப் பாதைகள் நமக்குப் புதியவை அல்ல. தவளம் மாடுகளோடு மலைக்கும் கரைக்குமிடையே வியாபாரம் செய்த முன்னோர்களின் பிள்ளைகள் நாம். போர்த்துக்கீசர் துரத்தியபோது அடைக்கலம் தந்து, முஸ்லிம்களைக் கிழக்கில் குடியேற்றியவன் கண்டி மன்னன் செனரத். கண்டி இராச்சியத்தில் வழிப்போக்கர் தங்க அம்பலங்கள் இருந்தன. கடுகண்ணாவையில் கொழும்பு வீதியோரம் ஒன்று இன்றும் நிற்கிறது.

அக்குறணை, மடவளை, கம்பளை, தெல்தோட்டை என்று நமது ஊர்களில், பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, மேல்மாடி பூட்டிக் கிடக்கும் வீடுகள் எத்தனை? அவற்றை வீட்டு விடுதியாக முறைப்படி பதிந்து, நியாயமான விலைக்குக் கொடுத்தால் வீட்டுக்காரருக்கு ஹலாலான வருமானம், வருபவருக்குப் பாதுகாப்பான கூரை. பள்ளிவாசல் நிர்வாகங்கள் பெருநாள் வாரத்தில் மட்டுமாவது நம்பிக்கையான இடங்களின் பட்டியலையும், இரவில் சிக்கிக்கொண்ட குடும்பத்துக்கென ஓர் அறையையும் வைத்திருந்தால் எவ்வளவு நல்லது.

வருபவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். சில வருடங்களுக்கு முன் ஹுன்னஸ்கிரிய பக்கம் ஒரு சிங்கள அம்மாவின் வீட்டில் தங்கினோம். நாங்கள் முஸ்லிம்கள் என்று அறிந்து, எங்களுக்குச் சமைக்கப் புதுச் சட்டி இரண்டு வாங்கி வைத்திருந்தார். 2018 மார்ச்சில் திகனயில் நடந்ததை நாம் மறக்கவில்லை. அந்தச் சட்டிகளையும் மறக்கக்கூடாது. நள்ளிரவில் பாட்டுச் சத்தம், ஓடையில் சாப்பாட்டுப் பொதி, பாதையில் போத்தல் என்று நாம் விட்டுப்போவதெல்லாம் அடுத்து வரும் முஸ்லிம் குடும்பத்தின் கணக்கில்தான் எழுதப்படும்.

உறவினர் வீட்டில் தங்குபவர்களுக்கும் எல்லை உண்டு. விருந்தோம்பல் மூன்று நாள், அதற்கு மேல் வீட்டுக்காரரைச் சிரமத்தில் ஆழ்த்தும் அளவுக்குத் தங்கக்கூடாது என்று நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்திருக்கிறார்கள்.

மாமியை மீண்டும் அழைத்திருக்கிறேன். பெருநாள் வாரத்தில் அல்ல, ஒரு சாதாரண திங்கட்கிழமையில். கீழ்மாடி ரூமை நானே போய்ப் பார்த்துவிட்டேன். இன்ஷா அல்லாஹ், இந்த முறை பேராதனைப் பூங்காவைப் பார்க்காமல் அவரை அனுப்பமாட்டேன்.