அரங்கிற்குரிய டிஜிற்றல் ஒலிக்கலவைப் பீடம்

அரங்கில் நிகழும் இசைக்கு மறுபதிவு என்பது இல்லை. ஒலிப்பதிவுக் கூடத்தில் தவறிய சுரத்தை மீண்டும் பாடுவித்துப் பதியலாம். அரங்கிலோ பாடகரின் ஒலிவாங்கி ஒரு கணம் அடங்கினும் அவையோர் அறிவர். ஆதலின், மிக்ஸர் எனப்படும் ஒலிக்கலவைப் பீடத்தைத் தெரிவோர், இடர் நேருங்கால் வேண்டியது எத்துணை விரைவில் கைக்கு அகப்படும் என்பதையே முதற்கண் நோக்குதல் வேண்டும்.

பழைய அனலொக் பீடத்தில் ஒவ்வொரு பணிக்கும் ஒவ்வொரு குமிழ் உண்டு. டிஜிற்றல் பீடமோ ஒலியை எண்களாக்கிக் கணித்து, மீண்டும் ஒலியாக்கித் தருவது. ஃபேடர் என்னும் வழுக்குப்பிடிகளின் ஒரே வரிசை, பல அடுக்குகளுக்கும் மாறிமாறிப் பயன்படும். ஒரு நிகழ்ச்சியின் அமைப்பு முழுவதையும் நினைவில் இருத்தி, மறுநாள் ஒரு பொத்தானால் மீட்கலாம். இது அதன் பெருநன்மை. வேண்டிய பிடி வேறோர் அடுக்கில் மறைந்திருத்தலும் கூடும். இது அதன் குறை.

2012 இல் வெளிவந்த பெஹ்ரிங்கர் எக்ஸ் 32 இதற்குத் தக்க சான்றாகும். அதன் முழுவடிவில் ஒலிவாங்கிகளுக்கான வாயில்கள் 32, ஃபேடர்கள் 25. கொம்பாக்ற் எனும் சிறுவடிவில் வாயில்கள் 16, ஃபேடர்கள் 17. எனினும் இரண்டின் கணிப்புத்திறனும் ஒன்றே. பெயரிலுள்ள எண்ணை மட்டும் நம்பிச் சிறுவடிவை வாங்குவோர், எஞ்சிய ஒலிவாங்கிகளுக்கு மேடைப்பெட்டி ஒன்றையும் தனியே வாங்க நேரிடும்.

உள்வாயில்களினும் வெளிவழிகளை எண்ணுதல் இன்றியமையாதது. கலைஞர் அறுவர் இருசெவிக் கேட்பான் அணியின், அவர்க்கே பன்னிரு கலவை வழிகள் செல்லும். எதிரொலி முதலிய நயங்களுக்கு நான்கு வேண்டின், எக்ஸ் 32 இன் பதினாறு வழிகளும் தீர்ந்துவிடும்.

மாதிரியெடுப்பு வேகம் பற்றிப் பெரிதும் பேசப்படுகின்றது. செக்கனுக்கு 48,000 மாதிரிகள் எடுப்பின் 24,000 ஹெர்ட்ஸுக்கு உட்பட்ட ஒலிகளைக் காட்டலாம். மனிதச்செவி கேட்பதோ ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரையே. ஆயிரத்திலொரு செக்கன் தாமதமும், ஒலி காற்றில் 34 சதமமீற்றர் செல்லும் நேரமேயாகும்.

ஆகவே, வாங்குமுன் அதனை இயக்கப்போகும் ஒருவரையே பீடத்தின் முன் இருத்தி, குறித்த ஓர் ஒலிவாங்கியை உடனே அடக்குமாறு பணித்தல் நன்று. அவர் கை தயங்கின், அப்பீடம் எத்துணைத் திறனுடையதாயினும் அவ்வரங்கிற்கு உரியதன்று.