வழி இல்லாத நிலம்

பூரி மாவைப் பெரிதாகத் தேய்த்து, டப்பா மூடியால் வட்டம் வட்டமாக வெட்டி எடுப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? இடையிடையே மூலையும் வாலுமாகத் துண்டுகள் மிஞ்சும். அம்மா அவற்றைத் திரட்டி மறுபடி உருட்டிவிடுவார். நகரத்திலும் சாலை, தண்டவாளம், வீட்டுமனை என்று வெட்டி எடுத்தபின் நிலம் மிஞ்சுகிறது. அதைத் திரட்டி உருட்ட முடியாது. கிடந்த இடத்திலேயே கிடக்கும்.

சென்னை கத்திப்பாரா மேம்பாலத்தை உயரத்திலிருந்து எடுத்த படத்தில் பாருங்கள். 2008-ல் திறக்கப்பட்ட பாலம் அது. வலப்பக்கம் திரும்ப வேண்டிய வண்டி, எதிரே வருகிற வண்டிகளின் குறுக்கே புகாமல் இடப்பக்கமாகவே முக்கால் வட்டம் சுற்றி வருகிறது. பேருந்து சட்டென்று திரும்பினால் நாம் பக்கத்தில் இருப்பவர்மேல் சாய்கிறோம் அல்லவா? வளைவு சிறியதாக இருந்தால் அந்தச் சாய்வு இன்னும் கூடும், வண்டியே கவிழலாம். அதனால் வளையத்தைப் பெரிதாகப் போடுகிறார்கள். இங்கே ஒரு கணக்கு இருக்கிறது: வளையத்தின் ஆரம் இரண்டு மடங்கானால் உள்ளே மாட்டிக்கொள்ளும் நிலம் நான்கு மடங்காகிவிடும்! சுற்றிலும் ஓயாமல் வண்டிகள் ஓடினால் அங்கே யார் நடந்து போக முடியும்?

நியூயார்க்கில் கோர்டன் மட்டா-கிளார்க் என்றொரு கலைஞர் இருந்தார். 1970-களில் நகராட்சி ஏலம் விட்ட 15 துண்டு நிலங்களை வாங்கினார். ஒவ்வொன்றும் வெறும் 25 முதல் 75 டாலர்தான். அவற்றில் ஒன்று ஏறக்குறைய 355 அடி நீளம், அகலமோ இரண்டடிக்குச் சற்று அதிகம். சில துண்டுகளைச் சுற்றிப் பிறர் மனைகள் இருந்ததால், சொந்தக்காரரே உள்ளே கால் வைக்க முடியாது. நிலம் பயன்படாமல் போவதற்கு அளவு மட்டும் காரணமல்ல, வழி இல்லாததும் காரணம் என்பதை இந்தத் துண்டுகளைவிடத் தெளிவாக எதுவும் காட்டியதில்லை என்பேன்.

துண்டு நிலம்தானே, கிடந்தால் என்ன? யாரும் போகாத இடத்தில் குப்பை சேரும், தேங்கிய நீரில் கொசு பெருகும். நடுவூரில் நிலம் முடங்கினால் புது வீடுகள் ஊருக்கு வெளியே வயலையும் ஏரிக்கரையையும் தேடிப் போகின்றன. குடிநீர்க் குழாயும் மின்கம்பியும் அவ்வளவு தூரம் நீள வேண்டும். பள்ளிக்கும் வேலைக்கும் போகத் தினமும் கூடுதல் எரிபொருள் புகைகிறது.

வழி கிடைத்தால் நிலம் விழித்துக்கொள்ளும். கத்திப்பாரா பாலத்தடியில் 2021-ல் சதுக்கம் திறந்தார்கள். வெறுமனே கிடந்த இடத்தில் இப்போது கடைகளும் வண்டி நிறுத்தமும் இருக்கின்றன.

எனக்கு மிகவும் பிடித்தது பெர்லினின் சூட்கெலேண்டே என்ற பழைய ரயில் முற்றம். சரக்கு ரயில் பெட்டிகளைப் பிரித்துக் கோத்த அந்த முற்றம் 1952-ல் ஓய்ந்தது. சல்லியில் முதலில் புல் முளைத்தது, பிறகு பிர்ச் மரங்கள் வளர்ந்தன. தொலைதூர ஊர்களின் விதைகளும் சரக்கு ரயிலோடு அங்கே வந்து சேர்ந்திருந்தன. யாரும் நடாமலே காடாகிவிட்ட அந்த 18 ஹெக்டேரை அழிக்க விடாமல் ஊர் மக்கள் போராடினார்கள். 2000-ல் அது பூங்காவாகத் திறக்கப்பட்டது. செடிகள் மிதிபடக் கூடாதே என்று ஒரு பகுதியில் இரும்பு நடைபாதையைத் தரையிலிருந்து சற்றுத் தூக்கிப் போட்டிருக்கிறார்கள். அதன்மேல் நடந்து போனால் பழைய தண்டவாளத்தின் நடுவே மரங்கள் எழுந்து நிற்பதைப் பார்க்கலாம்.