ஆஸ்பிரேஷன்: இன்டர்வியூல ஒண்ணு, ஆஸ்பத்திரியில வேற ஒண்ணு

இன்னைக்கு ஒரே ஒரு வார்த்தை: ஆஸ்பிரேஷன்.

இன்டர்வியூல “உங்க கரியர் ஆஸ்பிரேஷன் என்ன?”ன்னு கேட்டா, அது லட்சியம். அதே வார்த்தை தாத்தாவோட டிஸ்சார்ஜ் சம்மரியில ‘ஆஸ்பிரேஷன் நிமோனியா’ன்னு இருந்தா?

ரெண்டுக்கும் வேர் ஒண்ணுதான். லத்தீன்ல ‘ஸ்பிராரே’ன்னா மூச்சு விடுறது. ஒண்ணை நோக்கி மூச்சு போறதுங்கிற அர்த்தம், மனசு போறதுன்னு மாறி லட்சியம் ஆச்சு. மருத்துவத்துல அது உறிஞ்சுறதைக் குறிக்குது. அங்கேயும் ரெண்டு திசை இருக்கு.

முதல் திசை, வெளியே. தைராய்டு கட்டி இருந்தா, மெல்லிய ஊசியால கொஞ்சம் செல்களை உறிஞ்சி எடுத்து டெஸ்ட் பண்ணுவாங்க. எஃப்என்ஏசி டெஸ்ட்ல வர்ற ‘ஏ’ இந்த ஆஸ்பிரேஷன்தான். பயப்பட வேண்டிய வார்த்தை இல்லை.

இரண்டாவது திசை, உள்ளே. சாப்பாடு, எச்சில், வாந்தி எதுவா இருந்தாலும் உணவுக்குழாய்க்குப் போகாம மூச்சுக்குழாய்க்குள்ள போறது. இதுல கிருமித் தொற்று வந்தா அதுதான் ஆஸ்பிரேஷன் நிமோனியா.

நமக்குப் புரை ஏறினா, “யாரோ நினைக்கிறாங்க”ன்னு தலையில தட்டுவாங்க இல்லையா? உண்மையில அந்த இருமல்தான் நம்ம பாதுகாப்பு. இருமல் வராததுதான் ஆபத்து. பக்கவாதம் வந்த சிலருக்குத் தொண்டையில உணர்வு குறைஞ்சிருக்கும். சத்தமே இல்லாம உணவு நுரையீரலுக்குப் போயிடும். இதுக்குப் பேர் சைலன்ட் ஆஸ்பிரேஷன். அதனாலதான் அவங்களால சரியா விழுங்க முடியுதான்னு பரிசோதிச்ச பிறகே வாய்வழியா சாப்பாடு கொடுக்கணும்.

மயக்க மருந்தும் இந்தப் பாதுகாப்பை நிறுத்திடும். பிரசவத்துக்கு மயக்க மருந்து கொடுத்தப்போ வயித்துல இருந்தது நுரையீரலுக்குப் போனதைப் பத்தி, 1946-ல அமெரிக்க டாக்டர் கர்டிஸ் மெண்டல்சன் எழுதினார். இப்போ ஆபரேஷனுக்கு முன்னாடி லேசான சாப்பாட்டுக்கு 6 மணி நேரம், தண்ணிக்கு 2 மணி நேரம்னு பொதுவா இடைவெளி சொல்றாங்க. “பசிக்குது பாவம்”னு பாசத்துல ஊட்டுற ஒரு இட்லி கூட ஆபத்தாகலாம்.

ரெண்டு விஷயம் ஞாபகம் வச்சுக்கோங்க. ரிப்போர்ட்ல இந்த வார்த்தையைப் பார்த்தா, “உள்ளே போச்சா, வெளியே எடுத்தீங்களா?”ன்னு டாக்டர்கிட்ட கேளுங்க. யாராவது மயங்கிக் கிடந்தாலோ வலிப்பு வந்தாலோ, வாயில தண்ணி ஊத்தாதீங்க. மூச்சு இருந்தா ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, 108-க்கு போன் பண்ணுங்க.

இதை வீட்ல பெரியவங்களுக்கும் சொல்லுங்க. அடுத்த எபிசோடுல பார்க்கலாம்!