கணிப்பொறிக்குள் ஒரு பாலம்

மூன்று குச்சிகளின் முனைகளை நூலால் கட்டி ஒரு முக்கோணம் செய்யுங்கள். நான்கு குச்சிகளால் ஒரு சதுரமும் செய்யுங்கள். இரண்டையும் மேசைமீது வைத்து ஒரு மூலையைத் தள்ளிப் பாருங்கள். சதுரம் சாய்ந்துவிடும். முக்கோணமோ உருக்குலையாது; குச்சிகளின் நீளம் மாறாதவரை அதன் கோணங்கள் மாற முடியாது. அதனால்தான் பாலங்களிலும் பெரிய கூரைகளிலும் எஃகுச் சட்டங்களை முக்கோணங்களாகப் பிணைக்கிறார்கள். இந்த அமைப்புக்கு 'டிரஸ்' என்று பெயர்.

டிரஸ்ஸின் உறுப்புகளைப் பட்டறையில் வெட்டித் துளையிட்டு, கட்டுமிடத்தில் கொண்டுபோய்ப் பூட்டுவார்கள். இம்முறை புதிதன்று. 1887 முதல் 1889 வரை பாரிஸில் எழுந்த ஈஃபெல் கோபுரத்தின் சுமார் 18,000 இரும்புத் துண்டுகளும் இவ்வாறே ஆயத்தமானவை. அதற்காக வரைந்த படங்கள் ஏறத்தாழ 5,300!

இங்கேதான் சிக்கல். ஒரு சட்டத்தின் தடிப்பை மாற்றினால், இணைப்புத் தகடு, துளையின் இடம், போல்ட்டின் நீளம், மொத்த எடை எல்லாமே மாறக்கூடும். ஒரு படத்தைத் திருத்தி மற்றொன்றை மறந்துவிட்டால் என்ன ஆகும்? போல்ட்டைவிடத் துளை வழக்கமாக 2 அல்லது 3 மில்லிமீட்டர்தான் பெரியது. அதற்கு மேல் பிசகினால் போல்ட் நுழையாது. கிரேனில் தொங்கும் உறுப்பின் அருகே, உயரத்தில் நிற்கும் தொழிலாளியின் உயிருக்கே ஆபத்து.

இதைத் தவிர்க்க இன்று உதவுவது 'கட்டடத் தகவல் மாதிரி'. ஆங்கில முதலெழுத்துகளால் இதனைப் 'பிம்' என்பர். இரும்பில் கட்டுமுன் பாலத்தைக் கணிப்பொறிக்குள் கட்டிப் பார்க்கும் முறை இது. ஒவ்வோர் உறுப்பின் நீள, அகல, உயரங்களோடு எஃகின் வகை, எடை, பொருத்தும் வரிசை ஆகியவையும் அதில் பதிந்திருக்கும். மாதிரியில் ஒரு மாற்றம் செய்தால், அதிலிருந்து பெறும் எல்லாப் படங்களிலும் அது தோன்றும். இரு உறுப்புகள் ஒன்றோடொன்று மோதினால் கணிப்பொறி சுட்டிக்காட்டும். துளையிடும் எந்திரமும் அதே மாதிரியிலிருந்து அளவுகளைப் பெறும்.

ஜம்மு-காஷ்மீரில் செனாப் ஆற்றுக்கு மேல் 359 மீட்டர் உயரத்தில் அமைந்த ரயில் பாலம் 2025இல் திறக்கப்பட்டது. அதன் எஃகு உறுப்புகளை விவரமாக வரைய 'டெக்லா' என்னும் இத்தகைய மென்பொருள் பயன்பட்டது. இரு கரைகளிலிருந்தும் துண்டு துண்டாக நீண்டுவந்த 467 மீட்டர் வளைவு, 2021 ஏப்ரலில் நடுவில் ஒன்றுசேர்ந்தது.

எனினும் மாதிரி மட்டும் போதாது. தவறான எண்ணைக் கொடுத்தால், கணிப்பொறி அதையும் எல்லாப் படங்களிலும் தவறாமல் பதித்துவிடும். வெயிலும் சும்மா இருப்பதில்லை. 1 மீட்டர் எஃகு 1 டிகிரி செல்சியஸ் சூடேறினால் சுமார் 0.012 மில்லிமீட்டர் நீளும். அப்படியானால் 40 மீட்டர் சட்டம் 20 டிகிரியிலிருந்து 45 டிகிரிக்குச் சூடேறும்போது எவ்வளவு நீளும்?

கணக்கிட்டீர்களா? 12 மில்லிமீட்டர்! துளை 3 மில்லிமீட்டர்தானே பெரியது? பொறியாளர்கள் கட்டுமிடத்தில் வெப்பநிலையையும் பார்த்து அளவெடுப்பது ஏன் என்று இப்போது புரிகிறதல்லவா?