சுழியத்துக்கும் ஒரு மின்னோட்டம்

மாணவர்களே, பங்கோர் தீவுக்குப் போனவர்கள் லூமுட் படகுத்துறையை மறந்திருக்க மாட்டீர்கள். லூமுட்டுக்குத் தெற்கே, மஞ்சோங் கடற்கரையில், கடலைத் தூர்த்து உருவாக்கிய நிலத்தில் சுல்தான் அஸ்லான் ஷா மின்நிலையம் இருக்கிறது. கப்பலில் வரும் நிலக்கரியை எரித்துக் கொதிகலனில் நீரை நீராவியாக்கி, அந்த நீராவியால் சுழலியைச் சுற்றவைக்கிறார்கள். 2015இல் இயங்கத் தொடங்கிய நான்காம் அலகின் திறன் மட்டும் 1,010 மெகாவாட்.

எந்த அனல்மின் நிலையத்திலும் கொதிகலனுக்குப் போகும் நீர் குறைந்தால், அதன் குழாய்கள் அளவுக்கு மீறிச் சூடாகி வெடித்துவிடும். ஆனால் இரும்புக் குழாய்க்குள் எட்டிப் பார்க்க முடியாதே! நீர் எவ்வளவு ஓடுகிறது என்று கட்டுப்பாட்டு அறையில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்?

குழாயின் குறுக்கே துளையிட்ட ஒரு தகட்டை வைப்பது பழைய வழி. இன்றும் நன்றாக உதவுகிறது. குறுகிய துளையில் நுழையும் நீர் வேகமெடுக்கும். வேகம் கூடினால் அழுத்தம் குறையும். ஐந்தாம் படிவ இயற்பியலில் வரும் பெர்னூலி கோட்பாடுதான். தகட்டுக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வேறுபாட்டை டிரான்ஸ்மிட்டர் என்ற கருவி அளக்கிறது. இங்கே ஒரு நுட்பம் உண்டு. ஓட்டம், அழுத்த வேறுபாட்டின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். வேறுபாடு முழு அளவில் கால் பங்கு என்றால் ஓட்டம் கால் பங்கு அல்ல, பாதி. வர்க்கமூலம் எதற்கு என்று கணிதப் பாடத்தில் முணுமுணுப்பவர்கள் கவனிக்க!

அளந்ததை டிரான்ஸ்மிட்டர் மின்னோட்டமாக அனுப்புகிறது. முழு அளவுக்கு 20 மில்லியம்பியர். சுழியத்துக்கு 0 அல்ல, 4 மில்லியம்பியர். ஏன்? வருகைப் பதிவேட்டில் 'வரவில்லை' என்று குறிப்பதும் கட்டத்தைக் காலியாக விடுவதும் ஒன்றல்லவே. 4 வந்தால், "நான் விழித்திருக்கிறேன், ஓட்டம்தான் இல்லை" என்று பொருள். 0 வந்தால் கம்பி அறுந்திருக்கலாம், கருவிக்கு மின்சாரம் போயிருக்கலாம். இரண்டையும் ஒன்றாக நினைத்தால் ஆபத்து.

கருவி பழுதானாலும் சில நேரம் நம்பும்படியான எண்ணையே காட்டும். அப்போது கைகொடுப்பது, நேரத்தோடு சேர்த்துப் பதியப்படும் வரைகோடுகள். 2005 டிசம்பர் 11இல் இங்கிலாந்தின் பன்ஸ்ஃபீல்டு எண்ணெய்க் கிடங்கில் நடந்ததைப் பாருங்கள். ஒரு தொட்டிக்குள் மணிக்குச் சுமார் 550 கன மீட்டர் பெட்ரோல் பாய்ந்துகொண்டிருந்தது. அதிகாலை 3 மணியளவில் மட்டக் கருவி சிக்கிக்கொண்டது. அதன்பின் பதிவான கோடு நேராகவே கிடந்தது. எண்ணெய் உள்ளே போகிறது, மட்டம் உயரவில்லை. அப்படியானால் அது எங்கே போகிறது? இரண்டு பதிவுகளையும் அருகருகே வைத்திருந்தால் அந்தக் கேள்வி எழுந்திருக்கும். மட்டம் மிஞ்சும்போது தானாக நிறுத்தவேண்டிய தனி சுவிட்சும் வேலை செய்யவில்லை. தொட்டி வழிந்தது. காலை 6.01க்கு வெடிப்பு. நல்ல வேளை, ஞாயிற்றுக்கிழமை. உயிரிழப்பு இல்லை, 43 பேர் காயமடைந்தனர்.

இப்போது உங்களுக்கு ஒரு கணக்கு. அழுத்த வேறுபாட்டை அப்படியே அனுப்பும் டிரான்ஸ்மிட்டர் ஒன்று 12 மில்லியம்பியர் காட்டுகிறது. ஓட்டம் முழு அளவில் எத்தனை விழுக்காடு? 50 என்று எழுதப் போகிறவர்கள் மூன்றாம் பத்திக்குத் திரும்புங்கள்.